முப்பது டால்டன் குறைவு

நீலகிரி மலையின் பழங்குடி மக்களிடம் ரத்தம் எடுத்துச் சோதித்த லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1952-இல் ஒரு சேதியை வெளியிட்டார்கள். ஆப்பிரிக்கர்களின் நோய் என்றே பலரும் நினைத்திருந்த அரிவாள் செல் மரபணு இந்த மலையிலும் இருக்கிறது என்பதுதான் அது.

அங்கே எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தை இன்று தண்ணீரில் கரைத்து, துளி அமிலம் சேர்த்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் அனுப்பினால் சில நிமிடங்களில் திரையில் எண்கள் வந்துவிடும். ஹீமோகுளோபினின் ஆல்பா சங்கிலிக்கு 15,126. பீட்டா சங்கிலிக்கு 15,867. அரிவாள் செல் மரபணுவைச் சுமப்பவர் என்றால் பீட்டாவுக்குப் பக்கத்தில் இன்னொன்றும் நிற்கும்: 15,837. முப்பது குறைவு. 146 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் போய் வேலின் உட்கார்ந்திருக்கிறது. முன்னதன் எடை 129, பின்னதன் எடை 99. கழித்துப் பாருங்கள்.

இந்த எண்களுக்கெல்லாம் அலகு டால்டன். ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை ஏறத்தாழ ஒரு டால்டன். தட்டானிடம் குன்றிமணி இருந்த மாதிரி, வேதியியலாருக்கு இது.

நீலகிரியில் அரிவாள் செல்லைக் கண்டுபிடிக்க இவ்வளவு விலையுயர்ந்த மெஷின் வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மலிவான ரத்தப் பரிசோதனைகளே போதும். ஆனால் ஒரு மூலக்கூறில் ஓர் உறுப்பு மாறியதை எடையை வைத்தே சொல்லிவிட முடியும் என்பது எப்போது கேட்டாலும் எனக்குப் புல்லரிக்கும் விஷயம். பதினைந்து வருடம் இந்த மெஷின்களோடு குப்பை கொட்டிய பிறகும்தான்.

சென்ற ஆண்டு மே மாதம், எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல் முடித்த ஒரு பெண் தெரிந்தவர் ஒருவர் சொல்லி என்னைப் பார்க்க வந்தாள். விருதுநகர் பக்கத்துப் பெண். பிஎச்.டி. செய்ய வேண்டும், புரோட்டீன்களில், மாஸ் ஸ்பெக்கில். வழக்கமாக வருகிறவர்கள் முதலில் எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்றுதான் கேட்பார்கள். இவள் கேட்டது வேறு.

“சேர்ந்தா மெஷினைத் தொட விடுவாங்களா சார்? எம்.எஸ்ஸி.யில கண்ணாடிக்கு வெளியே நின்னுதான் பார்த்தோம்.”

அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த மெஷின் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். பாடப்புத்தகத்தில் அதற்கு நிறை நிறமாலைமானி என்று பெயர். ஆய்வகத்தில் அப்படி யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. மாஸ் ஸ்பெக் என்பார்கள். அதில் நிறமும் கிடையாது, ஒளியைப் பிரிப்பதும் கிடையாது. சின்ன வயதில் யானையை எடை போட்ட கதை படித்திருப்போம். யானையைப் படகில் ஏற்றி, தண்ணீர் தொட்ட இடத்தில் கோடு போட்டு, அதை இறக்கிவிட்டு, அதே கோடு முங்கும்வரை கல்லை ஏற்றிக் கல்லை நிறுத்தார்களாம். யானை கடைசிவரை தராசில் ஏறவே இல்லை. மாஸ் ஸ்பெக்கிலும் தராசு கிடையாது. மூலக்கூறுக்கு மின்னேற்றம் கொடுத்து, காற்றே இல்லாத குழாயில் மின்புலத்தால் தள்ளிவிடுகிறோம். ஒரே மின்னேற்றம் உள்ளவற்றில் லேசானது முந்தி வரும், கனமானது பிந்தி வரும். வந்து சேர்ந்த நேரத்தை வைத்து எடையைக் கணக்கிடுகிறோம். ஆர்பிட்ராப் என்ற இன்னொரு வகையில், கதிர் போன்ற ஓர் உலோகத் தண்டைச் சுற்றிக்கொண்டே மூலக்கூறுகள் முன்னும் பின்னும் ஊஞ்சலாடும். அந்த ஆட்டத்தின் வேகம்தான் அங்கே எடையைக் காட்டிக்கொடுப்பது. ரஷ்யாவிலிருந்து வந்த அலெக்சாண்டர் மக்கரோவ் வடிவமைத்து, 2005-இல் சந்தைக்கு வந்த கருவி அது.

ஆக, பறக்கவிட்டால் எடை போட்டுவிடலாம். எப்படிப் பறக்கவிடுவது? அணுக்களுக்கு இது பெரிய சிக்கலாக இல்லை. கேம்பிரிட்ஜில் ஜே.ஜே. தாம்சன் நியான் வாயுவில் 20, 22 என்று இரண்டு எடைகள் இருப்பதை முதல் உலகப்போருக்கு முன்பே பார்த்துவிட்டார். அவருடைய உதவியாளர் ஆஸ்டன் கருவியைச் செம்மைப்படுத்தி 1922-இல் நோபல் வாங்கினார். புரோட்டீன் கதை வேறு. அதை ஆவியாக்கச் சூடு காட்டினால் அடிப்பிடித்த பால் மாதிரி கருகிப்போகும். அறுபது, எழுபது வருடம் உயிரியல்காரர்கள் இந்த மெஷின் பக்கமே வராததற்கு அதுதான் காரணம்.

வழி கிடைத்தது காருக்குப் பெயின்ட் அடிக்கிற இடத்தில். மின்னழுத்தம் கொடுத்துப் பெயின்டைத் தூவினால் சிறுசிறு மின்னேற்றத் துளிகளாகப் பறக்கும். இதைப் பார்த்த மால்கம் டோல் என்ற அமெரிக்க வேதியியலாளர், பெரிய மூலக்கூறுகளையும் இப்படித் தூவிப் பறக்கவிடலாமே என்று 1968-இல் முயன்று பார்த்தார். தூவிய துளியிலிருந்து தண்ணீர் ஆவியாகிக்கொண்டே போகும், துளி சுருங்கும், மின்னேற்றமோ அப்படியே இருக்கும். ஒரு கட்டத்தில் அந்த நெருக்கடியைத் தாங்காமல் துளி உடைந்து சிதறும். எந்த அளவில் உடையும் என்று 1882-லேயே ராலே பிரபு கணக்குப் போட்டு வைத்திருந்தார். உடைந்த துளி மறுபடி உடைந்து, மறுபடி உடைந்து, கடைசியில் தண்ணீர் முழுக்கப் போய், மின்னேற்றத்தோடு மூலக்கூறு மட்டும் மிஞ்சும். கருகல் இல்லை, சிதைவு இல்லை.

டோலால் இதை முழுசாக நிறுவ முடியவில்லை. முடித்தவர் யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் ஃபென். 2002-இல் நோபல் வாங்கும்போது அவருக்கு வயது 85. மூலக்கூறு யானைகளுக்கு மின்தூவலால் இறக்கை கட்டியதைப் பற்றியதுதான் அவருடைய நோபல் உரையின் தலைப்பு. நம்மூர் யானை படகில் போனது, அவருடைய யானை பறந்தது.

முனைவர் ஆய்வு பற்றிப் பேசவந்த எனக்கு ஃபென்னைவிட முக்கியமானவர்கள் அவருடைய ஆய்வகத்தில் அப்போது இருந்த மாணவர்கள். சின்-காய் மெங், மத்தியாஸ் மான் இருவரையும் குறிப்பாகச் சொல்ல வேண்டும். மான் ஜெர்மனியில் இயற்பியல் படித்துவிட்டு யேலுக்கு வந்தவர். புரோட்டீனைத் தூவியதும் இவர்கள் திரையில் கண்டது ஒரு பீக் அல்ல, சீப்புப் பல் மாதிரி வரிசையாகப் பத்துப் பதினைந்து பீக்குகள். ஒரே புரோட்டீன்தான். ஆனால் ஒன்றில் பத்து புரோட்டான் ஒட்டியிருக்கிறது, இன்னொன்றில் பதினொன்று, வேறொன்றில் பன்னிரண்டு. மெஷின் காட்டுவதோ எடையை மின்னேற்றத்தால் வகுத்த ஈவு மட்டும். எந்தப் பீக்கில் எத்தனை மின்னேற்றம் என்று தெரியாமல் எடை எப்படித் தெரியும்? இது கருவியின் கோளாறு, ஒரே ஒரு பீக் வந்தால்தான் உண்டு என்று தலையைச் சொறிந்துகொண்டிருப்பது எளிது. மாணவர்கள் அதையே சாதகமாக்கினார்கள்.

எப்படி என்று ஒருமுறை கையால் போட்டுப் பார்க்கலாம், கால்குலேட்டர் போதும். குதிரை இதயத் தசையிலுள்ள மயோகுளோபின் எல்லா ஆய்வகத்திலும் மெஷினைச் சரிபார்க்க வைத்திருக்கிற புரோட்டீன். அதன் சீப்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பற்கள்: 1060.48, 998.15. முதலாவதில் எத்தனை புரோட்டான் என்று தெரியாது. ஆனால் இரண்டாவதில் அதைவிட ஒன்று கூடுதல் என்று தெரியும். 998.15-இல் ஒரு புரோட்டானின் எடையான 1.007-ஐக் கழித்து, இரண்டு பீக்குக்கும் உள்ள இடைவெளியான 62.33-ஆல் வகுத்தால் 15.998. எத்தனை புரோட்டான் என்பது முழு எண்ணாகத்தானே இருக்க முடியும்? 16. இனி 1060.48-இல் 1.007 போக 1059.473, அதை 16-ஆல் பெருக்கினால் 16,951.6. அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கூட்டினால் வர வேண்டிய எண் 16,951.5. பதினாறாயிரத்துச் சொச்சத்தில் ஒரு டால்டன்கூடப் பிசகவில்லை. சீப்பின் ஒவ்வொரு இணைப் பல்லும் இதே விடையைத் தனித்தனியாகத் தருவதால், ஒரே அளவீட்டில் பத்துமுறை எடை போட்ட மாதிரி ஆகிறது. 1988-இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் ஃபென் குழு 40,000 டால்டன் வரை எடை போட்டுக் காட்டியபோது துறையே திரும்பிப் பார்த்தது. மான் இன்று மியூனிக் அருகே மார்ட்டின்ஸ்ரீடில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில், புரோட்டீன்களை ஒட்டுமொத்தமாக ஆராயும் புரோட்டியோமிக்ஸ் துறையின் பெரிய தலை.

இதே காலத்தில் ஜப்பானில் இன்னொரு வழி திறந்தது. ஷிமாட்சு நிறுவனத்தில் கோயிச்சி தனகா என்ற இளம் பொறியாளர், 1985-இல் ஒரு நாள் கோபால்ட் பொடியில் அசிட்டோனுக்குப் பதில் கிளிசரினைத் தவறுதலாகக் கலந்துவிட்டார். பொடி விலை கூடியது, கொட்ட மனமில்லை. கிளிசரின் சீக்கிரம் காயட்டும் என்று லேசரைக் காட்டிக்கொண்டே திரையையும் பார்த்திருந்தார். உடையாத மூலக்கூறு பறந்து வந்தது. ஃபென்னோடு சேர்ந்து 2002 நோபல் அவருக்கும். அவர் முனைவர் பட்டம் பெறாதவர் என்பதைப் பட்டத்துக்கு ஆலோசனை கேட்டு வருகிறவர்களிடம் சொல்ல எனக்கு எப்போதும் ஓர் அற்ப சந்தோஷம். இன்று ஆஸ்பத்திரி நுண்ணுயிர்க் கூடங்களில் பாக்டீரியாவை நிமிடங்களில் அடையாளம் காட்டும் மால்டி என்ற லேசர் முறையைச் செதுக்கிய ஜெர்மானியர்கள் காராஸும் ஹில்லன்காம்ப்பும்தான். அவர்களுக்கு நோபல் கிடைக்கவில்லை என்ற மனக்குறை துறையில் இன்னும் உண்டு.

பட்டம் பெற்றவர் கதையும் ஒன்று இருக்கிறது. கேரல் ராபின்சன். பதினாறு வயதில் பள்ளியை விட்டுவிட்டு, இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் ஃபைசர் மருந்து நிறுவனத்தில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்தார். அங்கே மாஸ் ஸ்பெக்கை இயக்குவதுதான் வேலை. வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படித்தார். பிறகு கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம். பிறகு மூன்று பிள்ளைகளை வளர்க்க எட்டு வருடம் ஆய்வை விட்டு வீட்டில். திரும்பி வந்தபோது கிடைத்தது ஆக்ஸ்ஃபோர்டில் கீழ்நிலை வேலை. அங்கிருந்து 2001-இல் கேம்பிரிட்ஜின் முதல் பெண் வேதியியல் பேராசிரியர், 2009-இல் ஆக்ஸ்ஃபோர்டின் முதல் பெண் வேதியியல் பேராசிரியர்.

அவர் கேட்ட கேள்வி எளிமையானது. மயோகுளோபினை அமிலத்தில் கரைத்துத் தூவினால் 16,951.5. ஆனால் உடம்புக்குள் இருக்கும் மயோகுளோபின் தன் மடிப்புக்குள் ஹீம் என்ற இரும்புத் தாங்கியைப் பொத்தி வைத்திருக்கும். அமிலம் பட்டதும் புரோட்டீன் விரிந்துபோய், ஹீம் கழன்று 616 என்ற இடத்தில் தனிப் பீக்காக நிற்கிறது. அமிலம் இல்லாமல், அம்மோனியம் அசிட்டேட் கரைசலில் நடுநிலையில் வைத்து, நுண்ணிய ஊசியில் மெல்லத் தூவினால்? 17,568 வருகிறது. ஹீம் உள்ளேயே இருக்கிறது. சீப்புப் பல்லும் பதினைந்திலிருந்து இரண்டு மூன்றாகக் குறைந்துவிடுகிறது. மடிந்த புரோட்டீனில் புரோட்டான் ஒட்ட இடம் குறைவு. அப்படியானால் காற்றே இல்லாத குழாயிலும் புரோட்டீன் தன் கூட்டாளியைக் கைவிடவில்லை என்று அர்த்தம்.

உயிரியலில் தனி ஆளாக வேலை செய்கிற புரோட்டீன் குறைவு. ஹீமோகுளோபினே நான்கு சங்கிலி கைகோத்த 64,450 டால்டன் கூட்டணி. யார் யாரோடு கைகோத்திருக்கிறார்கள், எத்தனை பேர், மருந்து வந்தால் யாரை விலக்கிவிட்டு உட்காருகிறது என்பதுதான் மருத்துவத்தின் கேள்வி. அதில் மிகப் பிடிவாதமானவை செல்லின் சவ்வுக்குள் புதைந்திருக்கும் புரோட்டீன்கள். நமது மருந்துகளில் ஏராளமானவை போய் ஒட்டுவது அவற்றில்தான். ஆனால் எண்ணெய்ப்பசையிலிருந்து பிடுங்கித் தண்ணீரில் போட்டால் கட்டிக்கொள்ளும். 2008-இல் ராபின்சனின் குழு இவற்றைச் சோப்பு மாதிரியான மூலக்கூறுகளின் உருண்டைக்குள் பொதிந்து பறக்கவிட்டு, உள்ளே போனபின் வாயு மூலக்கூறுகளோடு மோதவைத்து அந்தச் சோப்பு உறையை உதிர்த்தது. புரோட்டீன் கூட்டணி உடையாமல் நின்றது. அதுவரை அது நடக்காது என்று சொன்னவர்கள்தான் அதிகம்.

இங்கிருந்துதான் விருதுநகர்ப் பெண்ணுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். இந்தத் துறையில் முனைவர் ஆய்வுக்கு இடம் இருப்பது மெஷின் நன்றாகப் பார்க்கிற இடத்தில் இல்லை. அதற்குக் கண் தெரியாத இடத்தில்தான்.

வடகிழக்கு இந்தியாவிலும் வங்காளத்திலும் பரவலாக இருக்கும் ஹீமோகுளோபின் இ-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பீட்டா சங்கிலியின் 26-ஆவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் லைசின். எடை வித்தியாசம் ஒரு டால்டன்கூட இல்லை, 0.95. அரிவாள் செல்லின் முப்பது எங்கே, இது எங்கே? 15,867 டால்டன் சங்கிலி திரையில் ஒரே கோடாக வருவதில்லை. இயற்கையில் நூற்றில் ஒரு கார்பன் 13 எடையுள்ளது என்பதால் பத்து டால்டன் அகலத்துக்கு ஒரு மேடாகப் பரவி வரும். அந்த மேட்டுக்கு மேல் ஒரு டால்டன் தள்ளி இன்னொரு மேடு. இரண்டும் ஒன்றாகக் கலந்து, மெஷின் ஒன்றும் இல்லையே என்று கையை விரித்துவிடும்.

அப்போது சங்கிலியை வெட்ட வேண்டும். டிரிப்சின் என்ற செரிமான நொதி லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் பின்னால் மட்டுமே வெட்டும். சாதாரண பீட்டா சங்கிலியில் 18 முதல் 30 வரை ஒரு துண்டு, 1314.66-இல் வரும். ஹீமோகுளோபின் இ-இல் 26-ஆவது இடத்தில் புதிதாக ஒரு லைசின் முளைத்திருக்கிறதல்லவா, டிரிப்சின் அங்கேயும் வெட்டிவிடும். 1314.66 தேய்ந்து, 916.47-இல் புதிய பீக் எழும். ஒரு டால்டனைக் காண முடியாத இடத்தில் நானூறு டால்டன் வித்தியாசத்தை உண்டாக்கியாயிற்று. அரிவாள் செல்லின் மர்மத்தை கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்ரம் 1956-இல் உடைத்ததும் டிரிப்சின் கத்தியால்தான். அவரிடம் மெஷின் இல்லை, துண்டுகளை வடிதாளில் ஓடவிட்டுப் பார்த்தார்.

இதைவிடக் கடினமான குருட்டுத்தனம் சர்க்கரைகளில். குளுக்கோஸ், காலக்டோஸ், மன்னோஸ் மூன்றும் ஒரே அணுக்கள், ஒரே எடை, அடுக்கு மட்டும் வேறு. எடை போடுகிற மெஷினுக்கு மூன்றும் ஒன்றே. செல்லின் மேற்பரப்பு முழுக்கப் போர்த்தியிருப்பது இந்தச் சர்க்கரைக் கிளைகள்தான். மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டிராஸ்டுசுமாப் போன்ற எதிர்ப்பொருள் மருந்துகளிலும் அவை தொங்குகின்றன. திரையில் 162 டால்டன் இடைவெளியில் படிக்கட்டு மாதிரி பீக்குகள் வருவது ஒவ்வொரு படியிலும் ஒரு சர்க்கரை கூடுவதால். பெங்களூரின் பயோக்கான் தன் கூட்டாளியோடு செய்த டிராஸ்டுசுமாப் நகல் மருந்துக்கு அமெரிக்கா 2017-இல் அனுமதி கொடுத்தது. அசலுக்கும் நகலுக்கும் இந்தப் படிக்கட்டு ஒத்துப்போகிறதா என்பது அப்படிப்பட்ட கம்பெனிகளுக்கு உயிர்ப் பிரச்சினை. பிஎச்.டி. முடித்தால் வேலை உண்டா என்று கேட்கும் அப்பாக்களுக்கு நான் காட்டுகிற இடம் இதுதான். எடை ஒன்றாக உள்ளவற்றை உருவத்தை வைத்துப் பிரிக்க, வாயுவின் ஊடே நடக்கவிட்டு யார் சீக்கிரம் வருகிறார் என்று பார்ப்பது ஒரு வழி. உறையவைத்து அகச்சிவப்பு ஒளியைக் காட்டுவது இன்னொரு வழி. பெர்லினிலும் லோசானிலும் இதற்கென்றே குழுக்கள் இருக்கின்றன.

இன்னொரு பக்கம் அளவு. வைரஸ் ஒன்றின் கூடு லட்சக்கணக்கான டால்டன்; சீப்புப் பற்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் இணை பிரித்துக் கணக்குப் போடவே முடியாது. இண்டியானாவில் மார்ட்டின் ஜாரல்ட் குழு ஒவ்வொரு துகளையும் தனியாகப் பிடித்து, அதன் மின்னேற்றத்தையும் நேரடியாக அளந்துவிடுகிறது. ஹெபடைட்டிஸ் பி கூட்டில் 30 லட்சம், 40 லட்சம் என்று இரண்டு அளவு இருப்பது அதில் தனித்தனியாகத் தெரிகிறது. மரபணு சிகிச்சைக்கு வைரஸ் கூட்டில் மரபணுவை அடைத்து அனுப்புகிறார்களே, எத்தனை கூடு நிரம்பியது, எத்தனை காலி என்று சொல்ல இதைவிட நேரான வழி குறைவு.

நம் கரையிலும் ஒரு கதை இருக்கிறது. இந்தியாவின் தென்கிழக்குக் கடலில் கூம்பு வடிவ நத்தைகள் உண்டு. ஓடு அழகாக இருக்கும். உள்ளே ஈட்டி மாதிரி ஒரு பல், அதில் விஷம். அந்த விஷம் சின்னச் சின்னப் பெப்டைடுகளின் கலவை. பிலிப்பைன்ஸ் நாட்டு ஒலிவேரா தொடங்கிவைத்த இந்த ஆய்வில், ஒரு நத்தையின் பெப்டைடு கடும் வலிக்கான மருந்தாக 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பி. பலராம் குழு, இந்தியக் கரையின் நத்தைகளை எடுத்து அவற்றின் பெப்டைடுகளை மாஸ் ஸ்பெக்கால் உடைத்து எழுத்தெழுத்தாக வாசித்தது. ஜீன் வரிசை தெரியாத உயிரியில் இது குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி. லூசின், ஐசோலூசின் என்ற அமினோ அமிலங்கள் இரண்டும் 113.08. எழுத்து மாறினாலும் எடை மாறாது. கந்தகப் பாலங்கள் எவை எவற்றை இணைக்கின்றன என்பது தனித் தலைவலி. ஆய்வு மாணவர்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்து வாசித்தவை அவை.

இனி எங்கே, எப்படி. நம் நாட்டில் வழி பெரும்பாலும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் அல்லது கேட் தேர்வு. நெட்டில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வாடகைப்படி தனி. 2023 ஜனவரி முதல் இந்தத் தொகை. இந்திய அறிவியல் கழகம், ஐதராபாத்தின் சி.சி.எம்.பி., புனேயின் என்.சி.எல்., மும்பை ஐ.ஐ.டி. என்று நல்ல குழுக்கள் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் டி. பிரதீப் குழு மின்தூவலை உயிரியலுக்கு வெளியே எங்கெங்கோ கொண்டுபோயிருக்கிறது. மின்னேற்றத் தண்ணீர்த் துளிகள் கனிமங்களையே பொடியாக்குவதை அவர்கள் 2024-இல் காட்டினார்கள். மனித புரோட்டீன்களின் முதல் வரைபடங்களில் ஒன்று 2014-இல் வந்தபோது, 17,294 ஜீன்களின் புரோட்டீன்களைக் கண்ட அந்த வேலையில் பாதிச் சுமை பெங்களூரின் உயிர்த்தகவலியல் நிறுவனத்து இளைஞர்கள் தோளில்தான்.

வெளிநாடு என்றால் பிரிட்டனில் மூன்று நான்கு வருடம், ஆனால் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டணத்தோடு உதவித்தொகை கிடைப்பது கடினம். ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் முனைவர் ஆய்வு என்பது சம்பளத்தோடு கூடிய வேலை. உத்ரெக்டில் ஆல்பர்ட் ஹெக் குழு இதில் பேர்போனது. காலி இடம் வரும்போது வேலைக்கு மாதிரி விண்ணப்பிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி ஸ்க்லோடோவ்ஸ்கா கியூரி திட்டத்திலும் இடங்கள் உண்டு. போகிற நாட்டில் கடைசி மூன்று வருடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது என்பது அதன் விதி. நம் பிள்ளைகளுக்கு அது அனுகூலம்தான். அமெரிக்காவில் எம்.எஸ்ஸி. இல்லாமலே சேரலாம், ஐந்தாறு வருடம் ஆகும், முதல் வருடங்களில் பாடம் நடத்திச் சம்பாதிக்க வேண்டும். அங்கே விண்ணப்பக் கெடு பெரும்பாலும் டிசம்பரில்.

மெஷினே இல்லாத கல்லூரியில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. புரோட்டியோமிக்ஸ் குழுக்கள் தங்கள் அளவீடுகளை இங்கிலாந்தின் ஹின்க்ஸ்டனில் இருக்கும் பிரைட் என்ற களஞ்சியத்தில் பொதுவில் போடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதில் வாசிக்கப்படாமல் கிடக்கும் பீக்குகள் மலையளவு. நல்ல லேப்டாப்பும் நிரல் எழுதத் தெரிந்த கையும் இருந்தால் அதுவே ஒரு முனைவர் ஆய்வு.

அந்தப் பெண்ணிடம் நான் சொன்னதில் முக்கியமானது வேறு. நேர்காணலில் பேராசிரியரிடம் கேட்பதைவிட, அந்த ஆய்வகத்தின் மூன்றாம் வருட மாணவரிடம் டீக்கடையில் கேள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மெஷின் கைக்குக் கிடைக்கும்? பழுதானால் திறந்து பார்ப்பது யார், மாணவரா, கம்பெனி இன்ஜினியர் வரும்வரை சும்மா உட்கார வேண்டுமா? பராமரிப்பு ஒப்பந்தம் எப்போது முடிகிறது? பல கோடி ரூபாய் மெஷின் ஒன்று, ஒப்பந்தம் புதுப்பிக்காததால் ஒன்றரை வருடம் துணி போர்த்திக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதை நம்பிச் சேர்ந்த பையன் கடைசியில் ஆய்வுத் தலைப்பையே மாற்றிக்கொண்டான். வெற்றிடப் பம்ப்பின் எண்ணெயை மாற்றத் தெரிந்த மாணவர்கள் உள்ள ஆய்வகம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம்.

“தொட விடுவாங்களா”வுக்கு அதுதான் என் பதில். எழுதி வைத்துக்கொண்டு போனாள்.

விஷப் பெப்டைடுகளை வாசிக்கும் ஓர் ஆய்வகத்தில் அவளுக்கு இடம் கிடைத்து நான்கு மாதம் ஆகிறது. ஊசி நுனியைத் தானே இழுத்துச் செய்கிறாளாம். பத்தில் ஏழு அடைத்துக்கொள்கிறதாம். முதல் புரோட்டீன் ஓட்டத்தில் வந்தது முக்கால்வாசி கெராட்டின். அதாவது அவளுடைய தோலும் முடியும். இப்போது கையுறைக்கு மேல் கையுறை. போன வாரம் ராத்திரி பதினொன்றரைக்கு ஃபோன். மெஷின் நேரம் ராத்திரியில்தான் கிடைக்கிறது.

“சார், எல்லா சாம்பிளிலும் 391.28-ல ஒரு பீக் வருது. ரொம்பப் பெருசு. சீனியர்ங்ககிட்ட கேட்டேன், தெரியலைங்கறாங்க. விஷத்துல புதுசா ஏதாவது இருக்குமா?”

“வெறும் கரைசலை ஓட்டிப் பார்த்தியாம்மா?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. தட்டச்சு சத்தம் மட்டும்.

“அதுலயும் வருது சார்.”

“பிளாஸ்டிக்கை மிருதுவாக்கப் போடுற சரக்கு அது. டியூபை மாத்து.”

“அய்யோ,” என்றாள். “ஒரு மணி நேரமா அதுக்குப் பேர் யோசிச்சிட்டிருந்தேன்.”